சேலையால் அளந்த வீடு

ஜனவரி 19, ஞாயிறு

மாதா கோயில் பங்குப் பேரவைக்கு என்னைச் செயலாளர் ஆக்கிவிட்டார்கள். போட்டி ஒன்றும் இல்லை. "டீச்சருக்குக் கையெழுத்து நல்லா இருக்கும்" என்று பின்வரிசையில் யாரோ சொன்னார்கள். கை தட்டினார்கள். முடிந்தது. தட்டியவர்களில் பாதிப்பேருக்கு நான் 'அ' போடக் கற்றுக்கொடுத்தவள். என் கையெழுத்தைக் குறை சொல்ல அவர்களுக்கு வாய் வராது.

நீலந்துறையில் கடற்கரை மணல் முழுவதும் மாதா கோயில் நிலம். அதில் யார் எங்கே வீடு கட்டுவது என்பதைப் பேரவை பேசி முடிவு செய்யும். சட்டப்படி அனுமதி கொடுப்பது ஊராட்சி மன்றம்தான். ஆனால் பேரவைத் தீர்மானம் இணைக்காத வரைபடத்தைத் தலைவர் தொடக்கூட மாட்டார். உதாரணம் சொன்னால், பள்ளியில் சாப்பாட்டு மணி அடிக்கச் சொல்பவர் தலைமையாசிரியர். ஆனால் சோறு வெந்துவிட்டது என்று சத்துணவு ஆயா சொல்லாமல் அவர் மணியின் பக்கம் திரும்பமாட்டார். பேரவை அந்த ஆயாவைப் போல.

முற்றத்துத் தென்னை கடல் பக்கம் இன்னும் சாய்ந்துவிட்டது. காய்ப்பும் இல்லை. அப்பா இருந்தவரை வெட்டவிடவில்லை. செல்லத்துரையிடம் சொல்லியிருக்கிறேன், ஈஸ்டருக்கு முன்னால் வந்து வெட்டுவான்.

பிப்ரவரி 2, ஞாயிறு

முதல் கூட்டம். முதல் மனுவே பிரகாசியுடையது.

பிரகாசியின் கணவன் தாசியான் மஞ்சள் காமாலையில் இறந்து மூன்று வருஷம் ஆகிறது. போன ஆடியில் கடல் ஏறி வந்து முதலில் அடுப்படியையும் பிறகு மீதி வீட்டையும் எடுத்துக்கொண்டது. அன்றுமுதல் மாமியாரோடும் இரண்டு பெண்பிள்ளைகளோடும் பள்ளியில் என் பழைய மூன்றாம் வகுப்பறையில் இருக்கிறாள். ஜூனில் அந்த அறை பள்ளிக்கு வேண்டும். அரசு வீடு அவள் பெயருக்கு வந்திருக்கிறது. கடலுக்கு அருகில் என்பதால் தூண்கள் மேல்தான் கட்ட வேண்டும் என்பது இன்ஜினியர் போட்ட நிபந்தனை. மார்ச் முடிவதற்குள் வரைபட அனுமதி கிடைக்காவிட்டால் வீடு அடுத்த ஊருக்குப் போய்விடும். கோயில் நிலத்தில் மீதி இருப்பது ஒரே இடம்தான். கோயிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவில் உள்ள காலி மணல்.

மனுவை வாசித்தேன். எல்லோரும் தலையாட்டினார்கள். பங்குத்தந்தை ஏட்ரியன், "ஆட்சேபணை உண்டா?" என்று ஒரு வழக்கத்துக்குத்தான் கேட்டார்.

"உண்டு" என்று எழுந்தார் சில்வேரி அண்ணன்.

"சொல்லுங்க."

"அந்த எடம் வேண்டாம்."

"ஏன்?"

"வேண்டாம்னா வேண்டாம் சாமி. வேற எடம் குடுங்க."

"வேற இடம் இல்லையே. காரணம் சொல்லாம நான் எப்படி எழுதச் சொல்றது?"

சில்வேரி அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். பிரகாசியின் தம்பி லாசருக்குப் பொறுக்கவில்லை. "ஒரு காலத்துல மச்சானும் இவரும் ஒரே வள்ளம். பிரிஞ்ச கோவம். ஆளு செத்தும் தீரல்ல பாத்தியளா! வே, பொம்பளை மேலயா காட்டுதீரு?"

எனக்கும் கோபம்தான் வந்தது. ஆனால் ஒன்றைக் கவனித்தேன். இப்படி ஒரு பேச்சு எழுந்தால் எங்கள் ஊர் ஆண்கள் ஆளுக்கொரு பக்கம் எழுந்து கத்துவார்கள். இன்றைக்கு வள்ளம் வைத்திருக்கிறவர்கள் ஒருவரும் வாய் திறக்கவில்லை. எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பதில் தெரிந்தும் எழுந்து சொல்லாத பிள்ளைகள் இப்படித்தான் உட்கார்ந்திருப்பார்கள்.

இரண்டு வாரம் தள்ளி வைத்தார் ஃபாதர்.

பிப்ரவரி 5, புதன்

அரிசி புடைத்தேன். கேஸ் தீர்ந்துவிட்டது, பதிந்திருக்கிறேன். சாயங்காலம் பள்ளிக்குப் போனேன். கரும்பலகையின் ஆணியில் பிரகாசியின் சின்ன மகளுடைய பாவாடை காய்ந்துகொண்டிருந்தது.

"அவரை நான் ஒரு வார்த்தை கேக்கட்டுமா?" என்றேன்.

"வேண்டாம் டீச்சர். சில்வேரி மாமா கெட்டவரு இல்ல." கஞ்சி வடித்துக்கொண்டே சொன்னாள்.

பிப்ரவரி 12, புதன்

சில்வேரி அண்ணன் வந்தார். கையில் ஓலையில் கோத்த நாலு மீன். காற்றைப் பற்றிப் பேசினார், என் முழங்காலைப் பற்றிக் கேட்டார், காப்பியைக் குடித்தார். பிறகு,

"டீச்சரு, கடலுக்குள்ள போயிருக்கியளா?"

"பிறந்தது வளர்ந்தது எல்லாம் இங்கேதான் அண்ணே. காலை நனைச்சதோட சரி."

"நாளைக்கு வாங்க."

"இந்த வயசிலயா? ஊரு என்ன பேசும்?"

"எழுவது வயசுக் கெழவனும் டீச்சரும் ஓடிப்போனாவன்னு பேசும். பேசட்டும். இப்போ எனக்கு இருக்க பேருக்கு அது நல்ல பேருதான்."

சிரித்துவிட்டேன். சிரித்ததால் ஒத்துக்கொண்டதாக ஆகிவிட்டது.

பிப்ரவரி 13, வியாழன்

கை இன்னும் உப்பாக இருக்கிறது. தலை ஆடுகிறது. ஆனாலும் இன்றைக்கே எழுதிவிட வேண்டும்.

விடியும் நேரத்தில் வள்ளத்தில் ஏற்றினார்கள். சில்வேரி அண்ணனும் அவர் மகனும் நானும். அலையைத் தாண்டும்போது மாதாவை ஒன்பது பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். அதன் பிறகு இரண்டு தரம் வாந்தி எடுத்தேன். நன்றாக வெளிச்சம் வந்ததும் அண்ணன் மோட்டாரை நிறுத்தினார்.

"இப்போ ஊரைப் பாருங்க."

திரும்பிப் பார்த்தேன். அறுபத்தாறு வருஷம் குடியிருந்த ஊர். எனக்கு அடையாளம் தெரியவில்லை.

தெருக்கள் இல்லை. சண்டைகள் இல்லை. ஒரு வரி மட்டும் இருந்தது. வானத்துக்கும் தண்ணீருக்கும் நடுவில் யாரோ ஒரே இழுப்பில் எழுதிய மாதிரி. கோயில் கோபுரம் ஒரு நெடிய எழுத்து. பள்ளிக்கூடத்து ஓட்டுக்கூரை ஒரு குட்டை எழுத்து. நடுவில் ஒரு இடைவெளி. முப்பத்து நான்கு வருஷம் பிள்ளைகளைக் காலை வணக்கத்துக்கு நிறுத்திய காலி மணல் அது. அங்கே ஒன்றுமே இல்லை என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

"அந்தச் சந்துக்குள்ள என்ன தெரியுது?"

கண்ணைச் சுருக்கினேன். ஊருக்குப் பின்னால் குன்றின் அடியில் ஒரு வெள்ளைப்பாறை இருக்கிறது. ஆடு மேய்க்கிறவர்கள் உட்காரும் பாறை. வள்ளம் மெல்ல நகர நகர அந்தப் பாறை கோபுரத்தின் பின்னாலிருந்து வெளியே வந்தது, நடந்து வருகிற ஆள் மாதிரி. இடைவெளியின் நடுவுக்கு வந்ததும் அண்ணன் துடுப்பைப் போட்டு நிறுத்தினார்.

"இது ஒரு கணியம், கரை அடையாளம். இன்னொண்ணு அந்தப் பக்கம் இருக்கு. அதை ஒங்களுக்குச் சொல்லமாட்டேன், அங்கோடித் திரும்பாதீங்க." நான் திரும்பவில்லை. வகுப்பில் நான் சொன்னதைப் பிள்ளைகள் கேட்ட மாதிரி கேட்டேன்.

இரண்டு அடையாளமும் கூடுகிற புள்ளியில் தூண்டில் கயிற்றை இறக்கினார். கயிறு ஓடியது, ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது. "கையில பிடியுங்க" என்றார். பிடித்தேன். திடீரென்று அடியிலிருந்து ஒரு தட்டல். கதவைத் தட்டுகிற மாதிரி என் உள்ளங்கையில். கயிற்று நுனியில் கட்டிய ஈயக்குண்டு பாறையில் இடித்திருக்கிறது. கடலுக்கு அடியில் மீன் கூடுகிற பாறைத்திட்டு. பார் என்பார்கள். சுற்றிலும் ஒரே மாதிரித் தண்ணீர். ஒரு கோடு இல்லை, ஒரு கல் இல்லை. அந்தத் தண்ணீரில் இந்த ஒரு இடத்தை, கரையில் கிடக்கிற ஒரு பாறையையும் ஒரு வெறும் சந்தையும் வைத்துக் கண்டுபிடிக்கிறார்கள். என் உடம்பு சிலிர்த்தது. திருப்பலியில் மணி அடிக்கும்போது சிலிர்க்குமே, அப்படி.

அண்ணனின் மகன் ஒரு கலவா மீனைத் தூக்கிப் போட்டான். அது என் காலடியில் துடித்தது.

"இப்போதான் எல்லாருக்கும் ஜி.பி.எஸ். மெஷின் இருக்கே அண்ணே? இடத்தைப் பதிஞ்சு வச்சா போதுமே?"

"மெஷின்ல போட்டா, மெஷினை ரிப்பேர் பாக்குறவனுக்கும் தெரியும், கடன் வாங்குறவனுக்கும் தெரியும். இது எங்க அப்பன் எனக்குச் சொன்னது. நான் இவனுக்குச் சொன்னது. எங்க மூணு பேருக்கும், செத்துப்போன தாசியானுக்கும் மட்டும்தான் இது தெரியும். சபையில காரணம் கேக்குறாரு சாமி. சொன்னா நாளைக்கே ஊரு வள்ளம் எல்லாம் இஞ்ச வந்து நிக்கும். சொல்லாட்டி நான் கெட்டவன். வீடு எழும்பினா சந்து அடைஞ்சு போவும், பார் காணாமப் போவும். என்ன செய்யச் சொல்லுதீங்க?"

அந்த ஆண்கள் ஏன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று இப்போது புரிந்தது. அந்தச் சந்து அவர்களில் இன்னும் யார் யாருக்கு எந்தெந்தப் பாரைக் காட்டுகிறதோ. ஒருவருடையது மற்றவருக்குத் தெரியாது.

திரும்பும்போது என் வீட்டைத் தேடினேன். கூரை தெரியவில்லை. முற்றத்துத் தென்னை மட்டும் தனியாகச் சாய்ந்து, வானத்தில் விரல் வைத்துக் காட்டுகிற மாதிரி நின்றது. நான் பார்ப்பதை சில்வேரி அண்ணன் பார்த்தார்.

பிப்ரவரி 14, வெள்ளி

தென்னையை வெட்ட வர வேண்டாம் என்று செல்லத்துரையிடம் சொல்லிவிட்டேன்.

பிப்ரவரி 15, சனி

சொல்லமாட்டேன் என்று சில்வேரி அண்ணனுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். நாளை கூட்டம். வீடு கிடைக்காவிட்டால் ஜூனில் அந்த நாலு பேரும் எங்கே போவார்கள்? வீடு வந்தால் அந்தப் பாறைத்திட்டு போய்விடும். இரண்டு பேர் கணக்கும் சரியாக இருந்து விடை மட்டும் வேறுவேறாக வந்தால் எந்த நோட்டில் தப்புப் போடுவது?

பள்ளிக்குப் போனேன். பிரகாசி என்னைப் பார்த்ததும், "எங்க போனியன்னு கேக்கமாட்டேன் டீச்சர்" என்றாள். பிள்ளைகளை வெளியே விளையாட அனுப்பினாள்.

"அவுக படுக்கையில கெடக்கும்போது எங்கிட்டச் சொன்னாவ. ரெண்டு கணியமும். ஆம்பிளைப் பிள்ளை இல்லையே, ஆருகிட்டச் சொல்லுவாவ?"

"லாசருக்குத் தெரியுமா?"

"கேட்டுக்கிட்டே இருக்கான். சொல்லியிருந்தா இந்நேரம் அவனே எனக்கு மாடி வீடு கட்டிக் குடுத்திருப்பான்." சிரித்தாள். "அது சில்வேரி மாமாவுக்க அப்பன் சொத்து. நான் எப்படிச் சொல்ல?"

தன் வீட்டைக் கெடுப்பதாக ஊரெல்லாம் ஏசுகிற மனிதரின் இரகசியத்தை, அந்த வகுப்பறையில் நான்கு பேருக்கும் கஞ்சி வடித்துக்கொண்டே, இவள் காத்து வைத்திருக்கிறாள்.

"ஆனா வீடு எனக்கு வேணும் டீச்சர். வேற எடம் இல்ல." அவள் என் பழைய பெஞ்சின் முன்னால் குனிந்தாள். அதன் கால்களுக்கு நடுவில் பார்த்தாள். "தூணு மேலதானே வீடு? எல்லாரும் பிறவு கீழயும் செவரு வச்சு அடைச்சு ஒரு ரூம் ஆக்கிருவாவ. நான் அடைக்காம விட்டா? கீழ வழியா தெரியாதா?"

நானும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்தேன். பெஞ்சுக்கு அந்தப் பக்கம் அவள் சின்ன மகள் பாண்டி ஆடிக்கொண்டிருந்தது முழுதாகத் தெரிந்தது.

"தெரியுமா தெரியாதான்னு கடல்ல இருந்துல்லா பாக்கணும்" என்றேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

கூட்டம் ஆரம்பித்ததுமே லாசர் எழுந்து, "காரணம் இல்லாத ஆட்சேபணையைத் தள்ளுங்க ஃபாதர்" என்றான். ஃபாதர் சில்வேரி அண்ணனைப் பார்த்தார். "கடைசியாக் கேக்கிறேன். காரணம் உண்டா?"

அண்ணன் எழுந்தார். முகம் கறுத்துப் போயிருந்தது. மகனைப் பார்த்தார். மகன் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். "உண்டு சாமி. சொல்லுதேன். லேய், எல்லாரும் கேட்டுக்கிடுங்க. இஞ்ச இருந்து நேர் தெற்க..."

"மாமா, வாயை மூடும்!"

பிரகாசி. பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்து நின்றாள்.

"என்ன பிள்ளே..." என்றார் அவர்.

"ஒண்ணும் சொல்லாண்டாம். எனக்குத் தெரியும்."

அவர் அவளைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். மெல்ல உட்கார்ந்தார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

பிரகாசி ஃபாதர் பக்கம் திரும்பினாள். வீடு எவ்வளவு உயரமோ அவ்வளவு உயரத்துக்கு அந்த இடத்தில் மூங்கில் நட்டு, சுவர் வருகிற இடத்தில் எல்லாம் சேலை கட்டிவிடலாம். கீழே திறந்தே இருக்கட்டும். வள்ளக்காரர்கள் எல்லோரும் ஒரே காலையில் அவரவர் இடத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வரட்டும்.

"எதைப் பார்க்கணும்?" என்றார் ஃபாதர்.

வள்ளக்காரர்கள் மறுபடியும் தரையைப் பார்த்தார்கள். அவர் கடல் அறியாத உள்நாட்டுக்காரர். ஆனால் புத்திசாலி. வள்ளக்காரர்களின் முகங்களை ஒன்றொன்றாகப் பார்த்தார். ஏதோ இருக்கிறது என்று அவருக்கு எட்டிவிட்டது.

இந்த இடத்தில்தான் நான் வாயைத் திறந்தேன். வகுப்பில் யாராவது பசியோடு வந்திருக்கிறார்களா என்று அறிய நான் ஒரு வழி வைத்திருந்தேன். எல்லோரையும் கண்ணை மூடச் சொல்வேன். சாப்பிடாதவர்கள் மட்டும் கையைத் தூக்க வேண்டும். ஏன் சாப்பிடவில்லை என்று கேட்கமாட்டேன். அதையே சொன்னேன். "கரைக்கு வந்ததும் ஒவ்வொருத்தரும் எங்கிட்ட ஒரே வார்த்தை சொன்னா போதும். தெரியுது, இல்லாட்டி தெரியல்ல. எங்க போனிய, என்னத்தைப் பாத்தியன்னு கேக்கமாட்டேன்."

"சேலை எவன் குடுப்பான்?" என்று ஒருவன் கேட்டான்.

"ஒனக்க பொண்டாட்டிக்க கல்யாணச் சேலையை அவுத்துக் கெட்டுலே" என்று பெண்கள் பக்கத்திலிருந்து பதில் வந்தது. கூட்டம் சிரித்து முடிக்கவே நேரமாயிற்று.

பிப்ரவரி 19, புதன்

சேலைகள் வந்து குவிந்தன. பட்டு, நைலக்ஸ், சாயம் போனது, ஞானஸ்நானத்துக்கு எடுத்தது. விடிவதற்குள் மூங்கில்கள் நின்றுவிட்டன. சூரியன் வந்தபோது கோயிலுக்கும் பள்ளிக்கும் நடுவில் ஒரு வீடு எழுந்து நின்று காற்றில் மூச்சுவிட்டது. சிவப்புச் சுவர், பச்சைச் சுவர், ஊதாச் சுவர். பிரகாசியின் மாமியார் அதைச் சுற்றிச் சுற்றி வந்து, "எனக்க அறை இதுதானே?" என்று ஒரு மஞ்சள் சேலையைத் தொட்டுக் கேட்டாள்.

வள்ளங்கள் எல்லாம் ஒன்றாக இறங்கின. கொஞ்ச தூரம் ஒன்றாகப் போய், பிறகு விசிறி மாதிரிப் பிரிந்தன. ஒன்று இன்னொன்றின் பின்னால் போகவில்லை. ஒருவரும் அடுத்தவரைத் திரும்பிப் பார்க்கவுமில்லை. எங்கள் ஆட்களா இவர்கள்? சந்தையில் ஒரு கூடை மீனுக்காகக் கழுத்தைப் பிடிக்கிறவர்களா?

பத்து மணியிலிருந்து திரும்பினார்கள். ஈர வேட்டியோடு வந்து என் நாற்காலி முன்னால் நின்று ஒவ்வொருவராகச் சொன்னார்கள். "தெரியுது." "தெரியுது டீச்சர்." இனி கடலுக்கே போவதில்லை என்று எல்லோரும் நினைத்திருந்த இன்னாசிக் கிழவர் பேரனோடு போயிருக்கிறார். "தெரியுது" என்றவர், போகாமல் நின்றார்.

"ஒனக்க முற்றத்துத் தென்னையை வெட்டப்போறதாக் கேள்விப்பட்டேனே?"

"இல்லை. வெட்டல்ல."

"நல்லது மக்கா" என்றார். நான் ஏன் என்று கேட்கவில்லை. கேட்கமாட்டேன் என்று சபையில் சொன்னவள் நான்தானே.

மூன்று பேர் மட்டும் "தெரியல்ல" என்றார்கள். மூன்றாவது ஆள் சில்வேரி அண்ணன். தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். பிரகாசி ஒரு சேலையின் முனையை முறுக்கிக்கொண்டு நின்றாள்.

பிப்ரவரி 20, வியாழன்

வீட்டுக்குக் கீழே படிக்கட்டு வருகிற இடத்திலும் ஒரு சேலை கட்டியிருந்தோம். அது நட்ட நடுவில் இருந்தது. அதுதான் மறைக்கிறது என்று பிரகாசிதான் கண்டுபிடித்தாள். படியைப் பள்ளிக்கூடச் சுவர் பக்கம் ஒதுக்கினால் மாமியாரின் அறை சிறிதாகும். கிழவியிடம் கேட்டோம். "கட்டில் கெடந்தா போதும். எனக்கு என்ன, அங்க டான்ஸ் ஆடவா போறேன்?" என்றாள்.

சேலையை மாற்றிக் கட்டினோம்.

பிப்ரவரி 21, வெள்ளி

இரண்டு பேர் சீக்கிரமே வந்து "தெரியுது" என்றார்கள். சில்வேரி அண்ணனைக் காணவில்லை. ஊர் முழுக்கக் கரையில். ஃபாதரும் கைலியோடு மணலில் உட்கார்ந்திருந்தார். லாசர் முதல்முறையாக வாயை மூடிக்கொண்டிருந்தான். உச்சி வெயிலில் வள்ளம் வந்தது. அண்ணன் இறங்கி அலையில் நடந்து வந்து என் முன்னால் நின்றார்.

"முன்னயவிட நல்லாத் தெரியுது டீச்சரு. முன்ன சந்தா இருந்துது. இப்போ சட்டம் போட்ட கண்ணாடி மாதிரி..."

"ஒரே வார்த்தைதான் அண்ணே."

"தெரியுது" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. உப்புத் தண்ணீராகவும் இருக்கலாம்.

மார்ச் 6, வியாழன்

ஊராட்சித் தலைவர் கையெழுத்துப் போட்டுவிட்டார். பேரவைத் தீர்மானத்தின் கடைசி வரியை எழுத்தர் இரண்டு தரம் வாசித்தார். 'வீட்டின் கீழ்த்தளத்தை எக்காலத்திலும் சுவர் வைத்து அடைக்கக் கூடாது. காரணம் கேட்கப்படவில்லை.' "இது என்ன டீச்சர் புதுசா இருக்கு?" என்றார். "கையெழுத்து நல்லா இருக்கா?" என்று கேட்டேன்.

நவம்பர் 22, சனி

பிரகாசி வீடு மந்திரிப்பு. ஜூனில் வகுப்பறையைக் காலி செய்த நாலு பேரும் இதுவரை என் வீட்டில்தான் இருந்தார்கள். ஃபாதர் ஒவ்வொரு அறையாகத் தண்ணீர் தெளித்தார். மாமியாரின் அறையில் கட்டில் போட்டது போக ஒரு ஆள் நிற்க இடம் இருக்கிறது. கிழவி அங்கே எல்லோரையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் காட்டினாள். பெரிய மகள் ஜன்னலை விட்டு நகரவே இல்லை.

சாப்பாடு கீழே, தூண்களுக்கு நடுவில். கடல் பக்கத்திலிருந்து வெயில் அடிக்கிறது என்று லாசர் நேற்றே பெரிய தார்ப்பாய் ஒன்றை இழுத்துக் கட்டியிருந்தான். நல்ல நிழல். இலை போட்டுச் சோறு வைத்தார்கள். ஜெபம் சொல்ல ஃபாதர் எழுந்தார்.

பிரகாசி கறிச் சட்டியோடு நின்றாள். பந்தியைப் பார்த்தாள். "சில்வேரி மாமா எங்க?"

"காலையிலயே கடலுக்குப் பெய்ட்டாரு. விருந்துக்கு மீன் கொண்டாறேன்னு சொன்னாரு" என்றான் அவர் மகன்.

அவள் சட்டியைக் கீழே வைத்தாள். தார்ப்பாயைப் பார்த்தாள். அதற்குள் இன்னாசிக் கிழவர் இலையை விட்டு எழுந்துவிட்டார். அவரைப் பார்த்து இன்னொருவர். பிறகு வள்ளக்காரர்கள் ஒவ்வொருவராக, எச்சில் படாத கையால், தூணுக்குத் தூண் போய் முடிச்சை அவிழ்த்தார்கள். லாசர் வாயைத் திறந்தான். சுற்றிலும் பார்த்தான். பிறகு அவனும் ஒரு முனையைப் பிடித்துச் சுருட்டினான்.

வெயில் முழுக்க உள்ளே வந்து விழுந்தது. இலையில், சோற்றில், எங்கள் முகத்தில். அந்தப் பக்கம் கடல். இந்தப் பக்கம், தூண்களுக்கு நடுவில், தூரத்தில் வெள்ளைப்பாறை.

ஃபாதர் என் பக்கம் குனிந்து, "ஏன் டீச்சர்..." என்று ஆரம்பித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். கையைக் குவித்து ஜெபத்தைத் தொடங்கினார். கண்ணைச் சுருக்கிக்கொண்டு எல்லோரும் சாப்பிட்டோம்.